சூழ்நிலைக்கு வக்காலத்து

அமெரிக்க இலக்கியத்தை மேற்படிப்பாக மேற்கொண்ட மாணவர் ஒருவரை அணுகி, யதார்த்தவாதத்துக்கும் இயற்பண்புவாதத்துக்கும் உள்ள வேறுபாடு யாது என வினவிப் பாருங்கள். தயக்கமின்றி விடை வரும். யதார்த்தவாதம் நடுத்தர மக்களின் அன்றாட வாழ்வை உள்ளவாறு காட்டுவது. அதன் மாந்தர் நன்மை தீமைகளைத் தேர்ந்து நடக்கும் ஆற்றல் வாய்ந்தோர். இயற்பண்புவாதம் சேரிகளையும் சாராயக் கடைகளையும் காட்டுவது. அதன் மாந்தர் பரம்பரையும் சூழ்நிலையும் இழுத்த இழுப்புக்கு ஆடும் தோற்பாவைகள். முன்னதற்கு வில்லியம் டீன் ஹவல்ஸ் தலைவர். பின்னதற்கு ஸ்டீஃபன் கிரேன், ஃபிராங்க் நாரிஸ், தியோடர் டிரைசர் என்னும் மூவர். பிரான்சு நாட்டு எமிலி ஜோலா 1880இல் வெளியிட்ட ‘சோதனை நாவல்’ இக்கொள்கைக்கு மூலநூல்.

இந்த விடைக்கு மதிப்பெண் கிடைக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கருத்தரங்க வகுப்புகளிலும், முனைவர் பட்ட ஆய்வில் இறங்குமுன் எழுதும் பொதுத் தேர்வுகளிலும் பல தலைமுறைகளாகச் செலாவணியாகி வரும் நாணயம் இது. ஜார்ஜ் பெக்கர் என்னும் திறனாய்வாளர் 1949இல் இதனைச் சூத்திரமாகவே வடித்துக் கொடுத்தார். இயற்பண்புவாதம் என்பது நம்பிக்கை வறண்ட, பொருள்முதல் நோக்குடைய நியதிவாதம் என்பது அச்சூத்திரத்தின் சாரம். ஆங்கில முதுகலையில் அமெரிக்க இலக்கியத்தை ஒரு தாளாக வைத்திருக்கும் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் அது கப்பலேறி வந்து உரைநூல்களில் குடியேறிவிட்டது. நாவலைத் திறவாமலே எழுதிவிடக் கூடிய விடை என்பதால் மாணவருக்கும் அதன்மேல் வெறுப்பில்லை.

இச்சூத்திரம் சோம்பலின் விளைவு மட்டுமாயிருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம். தேர்வுக்கூடத்துச் சோம்பல் எந்நாட்டுக்கும் பொது. ஆனால் இது தீங்கு விளைவிக்கும் சூத்திரம் என்பது நம் வாதம். ‘என்னால் ஆவது ஒன்றுமில்லை, எல்லாம் சூழ்நிலையின் செயல்’ என்பது வழக்கு மன்றத்தில் எடுத்து வைக்கப்படும் ஒரு வாதம். அதை யார் வைக்கிறார், யாரைக் காக்க வைக்கிறார் என்று கேட்ட பின்னரே அதனை ஏற்பதோ தள்ளுவதோ முறையாகும். இந்த நாவல்களில் அவ்வாதத்தை எடுத்துரைப்போர் குறிப்பிட்ட சில மனிதர். அவர்களுக்குக் குறிப்பிட்ட தேவைகள் உண்டு. வகுப்பறையோ அச்சொற்களை அம்மனிதரின் வாயிலிருந்து பிடுங்கி, ஆசிரியரின் தத்துவம் எனப் பெயர் சூட்டி, பலகையில் எழுதிப்போடுகிறது. குற்றவாளியின் வாக்குமூலம் நீதிபதியின் தீர்ப்பாகிவிடுகிறது.

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாரிஸ் 1901இல் வெளியிட்ட ‘ஆக்டோபஸ்’ நாவலை எடுத்துக்கொள்வோம். 1880ஆம் ஆண்டு மே மாதம் கலிஃபோர்னியாவின் மசல் ஸ்லூ என்னுமிடத்தில் சதர்ன் பசிஃபிக் இரயில்வே நிறுவனத்தின் ஆட்களுக்கும் அங்குக் குடியேறிப் பயிரிட்ட உழவர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஏழுபேர் மாண்டனர். அந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டது இந்நாவல். நிறுவனம் தரிசு நிலத்தை மலிவு விலை சொல்லி உழவரை அழைக்கிறது. அவர்கள் வாய்க்கால் வெட்டி, நிலத்தைத் திருத்திப் பொன் விளையும் பூமியாக்கிய பின் விலையைப் பத்து மடங்கு அளவுக்கு உயர்த்தி, ‘வாங்கு, அல்லது வெளியேறு’ என்கிறது. டைக் என்னும் இரயில் ஓட்டுநர் வேலையிழந்து ஹாப்ஸ் பயிரிடுகிறார். அறுவடைக்குச் சற்று முன்னர், இராத்தலுக்கு 2 சென்டாக இருந்த ஏற்றுகூலி 5 சென்டாகிறது. எந்தக் கணக்கில் இப்படி உயர்த்துகிறீர்கள் என்று அவர் கேட்க, சரக்கு தாங்கும் அளவுக்கு என்ற பொருளில் நிறுவனத்தின் ஆள் பதிலளிக்கிறான். இவை இயற்கையின் சீற்றங்களல்ல. மேசைமுன் அமர்ந்த ஒருவர் ஓர் எண்ணை அடித்துவிட்டு வேறோர் எண்ணை எழுதியதன் விளைவுகள்.

துப்பாக்கிச் சண்டைக்குப் பின், பிரெஸ்லி என்னும் இளங்கவிஞர் நிறுவனத் தலைவர் ஷெல்கிரிமைச் சந்திக்கச் செல்கிறார். நியதிவாதத்துக்குச் சான்றாக மாணவர்கள் எடுத்தெழுதும் பகுதி பெரும்பாலும் இச்சந்திப்பில்தான் உள்ளது. கோதுமை ஒரு சக்தி, இரயில் மற்றொரு சக்தி. தேவைக்கும் வரத்துக்கும் உரிய விதி அவற்றை நடத்துகிறது. இரயில் பாதைகள் தாமே தம்மைக் கட்டிக்கொள்கின்றன. பழி சொல்வதானால் நிலைமைகளைச் சொல், மனிதரைச் சொல்லாதே என்று ஷெல்கிரிம் உபதேசிக்கிறார். பிரெஸ்லி வாயடைத்துத் திரும்புகிறார். ‘இதோ நாரிஸின் தத்துவம்’ என மாணவர் மேற்கோள் குறி இடுகிறார்.

அதே அறையில் அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் நடந்ததை எத்தனை பேர் கவனிக்கின்றனர்? குடிப்பழக்கத்தால் வேலைக்குச் சரிவர வராத கணக்கர் ஒருவரைப் பற்றி ஷெல்கிரிமிடம் முறையிடப்படுகிறது. அவரை நீக்கிவிடலாமா என்று கீழதிகாரி கேட்கிறார். ஷெல்கிரிம் சற்றே சிந்தித்து, அவரை நீக்க வேண்டாம், சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள் என்கிறார். ஒரு குடும்பத்தின் தலையெழுத்து ஒரு வாயசைவில் மாறுகிறது. அப்படி மாற்றிய அதே மனிதர் அடுத்த பக்கத்தில், தம் கையில் ஏதுமில்லை, எல்லாம் சக்திகளின் ஆட்டம் என்கிறார்! நாரிஸ் இவ்விரண்டையும் ஒரே அறையில், ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கிறார். ஒரு கணக்கரின் வாழ்வைத் திருத்தி எழுதத் தெரிந்த கைக்கு டைக்கின் ஏற்றுகூலியைத் திருத்தி எழுதத் தெரியாதா என்ற கேள்வி படிப்பவர் நெஞ்சில் எழ வேண்டாமா? மேற்படிப்பு என்பது இக்கேள்வியை எழுப்பக் கற்பிப்பதாக இருக்க வேண்டும். அது ஷெல்கிரிமின் பேச்சை மனப்பாடம் செய்யக் கற்பிக்கிறது.

நாரிஸ் தூய நீதிமான் என்று நாம் வாதிடவில்லை. நாவலின் இறுதிப் பக்கங்களில் அவரே பிரெஸ்லியின் மனத்துக்குள் புகுந்துகொண்டு, மனிதர் மாண்டாலும் கோதுமை நிலைத்தது, முடிவில் எல்லாம் நன்மைக்கே என்ற தொனியில் பேசிவிடுகிறார். அந்தப் பேச்சில் நமக்குச் சம்மதமில்லை. ஆனால் பேச்சு வேறு, சாட்சியம் வேறு. சான் பிரான்சிஸ்கோ நகரில் இரயில்வே நிறுவனத்தின் துணைத்தலைவர் இல்லத்தில் விருந்து நடக்கிறது. அதே இரவில், சண்டையில் மாண்ட குத்தகை உழவர் ஹூவனின் மனைவி சின்னஞ்சிறு மகளைக் கையில் பிடித்தபடி தெருத்தெருவாய் அலைந்து பட்டினியால் சாகிறார். விருந்து ஒரு பத்தி, பட்டினி ஒரு பத்தி என்று மாறிமாறி எழுதிச் செல்கிறார் நாரிஸ். இதைப் படித்தபின் எல்லாம் நன்மைக்கே என்று முடிக்கும் உரிமை அவருக்கே இல்லை என்பது நம் துணிபு.

இந்நாவலில் நம்மைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. அதன் முடிவில் கோதுமை ஏற்றிப் புறப்படும் கப்பல், பஞ்சத்தில் வாடும் இந்தியாவுக்குச் செல்கிறது. 1899–1900 பஞ்சத்தை நினைவில் வைத்து நாரிஸ் இதனை எழுதினார். பஞ்சத்தை வானத்தின் செயலென்று சொல்வது எவ்வளவு வசதியானது என்பதை நாம் அதற்கு முன்னரே அறிவோம். தாது வருடப் பஞ்சம் என்று தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த 1876–78 பெரும்பஞ்சத்தின்போது வைஸ்ராய் லிட்டனின் அரசு என்ன சொல்லிற்று? தானிய வாணிகத்தில் அரசு தலையிடலாகாது. விலை தன் விதிப்படி நடக்கும் என்றது. மக்கள் மடிந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து தானியம் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஷெல்கிரிமின் பேச்சை வேறொரு மேசையிலிருந்து கேட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். நம் மாணவர்களாவது அப்பேச்சைத் தத்துவம் என்று எழுதாதிருக்க வேண்டும்.

கிரேனுக்கு வருவோம். ‘மேகி’ என்னும் குறுநாவலை அவர் 1893இல் புனைபெயரில் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். நண்பர்களுக்கு வழங்கிய படிகளில், சூழ்நிலை மாபெரும் வல்லமை உடையது, அது மனித வாழ்வை உருவாக்கிவிடுகிறது என்பதைக் காட்ட இந்நூல் முயல்கிறது என்ற கருத்தை எழுதித் தந்தார். இவ்வாக்கியத்தை மேற்கோள் காட்டாத பாடநூல் அரிது. ஆனால் அடுத்த வாக்கியத்தைப் பலரும் விட்டுவிடுகின்றனர். இதை மெய்ப்பித்துவிட்டால் விண்ணுலகில் எத்தனையோ ஆன்மாக்களுக்கு, சிறப்பாகத் தெருவில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, இடம் கிடைக்கும் என்பது அதன் கருத்து. சூழ்நிலை என்னும் வாதத்தைக் கிரேன் யாருக்காக வைக்கிறார் என்பது இதில் துலங்கவில்லையா? அது மேகிக்காக வைக்கப்பட்ட கருணை மனு. அவளைக் கெடுத்துக் கைவிட்ட பீட்டுக்காக வைக்கப்பட்டதன்று. குடிவெறியில் அவளை வீட்டைவிட்டு விரட்டிய தாய்க்காகவும் அன்று. போக்கிடமின்றி நிற்கும் மேகி, கறுப்பு மேலங்கி அணிந்த கனவான் ஒருவரைக் கண்டு அவரிடம் உதவி கேட்க எண்ணி நெருங்குகிறாள். அவர் தம் மரியாதைக்கு இழுக்கு நேராதவாறு ஓர் அடி விலகி நடக்கிறார். அந்த ஓரடியைப் பரம்பரையா விலக்கிற்று? சேரியா விலக்கிற்று? அக்கனவான் சேரியைச் சேர்ந்தவரே அல்லர். வகுப்பறைச் சூத்திரமோ மேகியையும் அவரையும் ஒரே தட்டில் நிறுத்தி, இருவரும் பாவைகள் என்று கூறிவிடுகிறது.

டிரைசரின் ‘சிஸ்டர் கேரி’ 1900ஆம் ஆண்டு வெளிவந்தது. டபிள்டே நிறுவனத்தில் கையெழுத்துப் படிகளைப் படித்துக் கருத்துரைக்கும் பணியிலிருந்த நாரிஸே இந்நாவலை மனமாரப் பரிந்துரைத்தார். ஆயினும் நிறுவன உரிமையாளர் பின்வாங்க முயன்று, ஒப்பந்தத்தை மீற இயலாமையால் ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சிட்டு, விற்பனையில் அக்கறை காட்டாது விட்டார். நூலைப் புதைத்தது சந்தையின் விதியா, ஒரு மனிதரின் விருப்பமா என்று நாம் கேட்க மாட்டோம், வாசகரே கேட்டுக்கொள்ளலாம். அச்சுக்கு முன் வெட்டப்பட்ட ஏறத்தாழ 36,000 சொற்களை மீண்டும் சேர்த்துப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் 1981இல் ஒரு பதிப்பு வெளியிட்டது. எந்தப் பதிப்பைப் படிப்பது என்பதே ஒரு பருவம் முழுதும் விவாதிக்கத் தக்க பொருள்.

இந்நாவலில் தேர்வாளர்கள் கொண்டாடும் காட்சி பணப்பெட்டிக் காட்சியாகும். சிகாகோ மதுக்கூடம் ஒன்றின் மேலாளர் ஹர்ஸ்ட்வுட், நள்ளிரவில் சற்றே மது மயக்கத்தில் இரும்புப் பெட்டி பூட்டப்படாதிருப்பதைக் காண்கிறார். பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட பணம். எடுக்கிறார், வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். பணம் கையிலிருக்கும்போதே பூட்டு தானாகச் சாத்திக்கொள்கிறது. தற்செயல் மனிதனை வென்ற இடம் என ஆசிரியர் விளக்குவார், மாணவர் எழுதிக்கொள்வார். பாடம் அந்தப் பூட்டின் ஓசையோடு நின்றுவிடும். ஆனால் கதை அங்கு நிற்பதில்லை. அவர் நேரே கேரியின் வீட்டுக்குச் செல்கிறார். உன்னுடைய துரூவே அடிபட்டுக் கிடக்கிறான், உன்னைப் பார்க்க விரும்புகிறான் என்று பொய் கூறி அவளை இரயிலேற்றுகிறார். ஊர் ஊராகக் கடந்து, மாண்ட்ரியால் நகர்வரை அவளைக் கொண்டு செல்கிறார். பூட்டு ஒரு நொடியில் சாத்திக்கொண்டது. பொய்யில் தொடங்கிய இந்தப் பயணமோ மாண்ட்ரியால்வரை நீள்கிறது. வழியில் அவளை இறக்கிவிட வாய்ப்பிருந்தது. தற்செயலின் பங்கு எவ்வளவு, மனிதனின் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்க்கும் தராசை டிரைசர் நம் கையில் கொடுத்திருக்கிறார். ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை சொல்வது எந்தக் கடையிலும் நடவாது.

டிரைசர் ஸ்பென்சரைப் படித்தவர். மனிதனைக் காற்றில் அடிபடும் துரும்பென்று கதையை நிறுத்திவைத்துச் சொற்பொழிவாற்றுபவர். மனச்சோர்வினால் இரத்தத்தில் நச்சுப் பொருள்கள் சுரக்கும் என்று தம் கால அரைகுறை அறிவியலை அள்ளித் தெளிப்பவர். இவற்றை நாம் மறைக்கவில்லை. அந்தப் பக்கங்கள் இன்று பழைய பஞ்சாங்கம். வேலையிழந்த ஹர்ஸ்ட்வுட் புரூக்ளின் டிராம் வேலைநிறுத்தத்தின்போது கருங்காலியாக வண்டியோட்டப் போவதும், வழிமறிக்கும் தொழிலாளரின் குரலைக் கேட்டுக் கூசிக் குறுகுவதும், பிறகு 15 சென்ட் வாடகை விடுதியில் வாயுக் குழாயைத் திறந்துவிட்டுப் படுப்பதும் பஞ்சாங்கமாகவில்லை. சோர்ந்து விழுந்துவிட்ட அந்த இறுதி நாள்களில் அவருக்குச் சூழ்நிலை வாதத்தை வழங்கலாம், நாமும் வழங்குவோம். மேலாளராய் மின்னிய நாளில் வழங்க மாட்டோம். ஒரே மனிதனுக்குக்கூட ஒரு நாள் செல்லும் வாதம் மறுநாள் செல்லாது என்பதை இந்நாவல் போலத் தெளிவாகக் காட்டுவன குறைவு.

இச்சூத்திரத்தைக் கேள்வி கேட்டவர்கள் அமெரிக்காவிலேயே இல்லாமலில்லை. டொனால்ட் பைசர் 1966இலேயே இதன் போதாமையை எடுத்துரைத்து, இந்நாவல்களில் மனித மதிப்புக்கும் இடமுண்டு என வாதிட்டார். அவருக்கு நம் நன்றி உரியது. 1980களில் புதிய அலை ஒன்று எழுந்தது. அதில் வால்டர் பென் மைக்கேல்ஸ் 1987இல் வெளியிட்ட நூல் பெரும்புகழ் பெற்றது. டிரைசர் முதலாளித்துவத்தை வெறுத்தாரா விரும்பினாரா என்று கேட்பதே பொருந்தாது. அவர் அதற்குள் இருந்தார், அவ்வளவே என்ற போக்கில் அது செல்கிறது. கூர்மையான நூல்தான். ஆனால் விளைவு என்ன? முன்னர்ப் பரம்பரையும் சூழ்நிலையும் பாவையை ஆட்டின. இப்போது சந்தை ஆட்டுகிறது. முன்னர் நாவல் மாந்தர் மட்டும் பாவைகள். இப்போது எழுதியவரும் பாவை. கயிறு புதிது, அவ்வளவுதான். ஷெல்கிரிம் இந்நூலைப் படித்திருந்தால் தம் அலுவலக அலமாரியில் வைத்துக்கொண்டிருப்பார்.

சூத்திரத்தின் மற்றொரு பாதி ஹவல்ஸுக்கு இழைத்த அநீதியையும் சொல்ல வேண்டும். அமெரிக்க வாழ்வில் இன்முகமான பகுதிகளே அதிகம், நாவலாசிரியர் அவற்றில் கருத்துச் செலுத்தலாம் என்ற பொருள்பட 1886இல் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில், தாஸ்தயேவ்ஸ்கியைப் பற்றி எழுதும்போது ஹவல்ஸ் குறிப்பிட்டார். அவ்வொரு தொடரைக் கொண்டே அவரைத் தேநீர் விருந்துகளின் எழுத்தாளர் என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. குண்டெறிந்தவர் யாரென மெய்ப்பிக்கப்படாமலே எண்மர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர்; எழுவருக்கு மரண தண்டனை. 1887 நவம்பரில், நாடே அவர்களின் உயிரைக் கேட்டுக் கூக்குரலிட்ட வேளையில், கருணை காட்டுமாறு ‘நியூயார்க் டிரிப்யூன்’ நாளிதழில் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார் ஹவல்ஸ். புகழின் உச்சியிலிருந்த ஐம்பது வயது எழுத்தாளர் அப்படிச் செய்ய வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. நால்வர் அம்மாதம் 11ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். சிறையில் எஞ்சியிருந்த மூவரை 1893இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணையே முறையற்றது எனக் கூறி விடுவித்தார். 1886இன் தொடரை அறிந்த மாணவர் 1887இன் கடிதத்தை அறியாதிருப்பது எவ்வகை மேற்படிப்பு?

ஆனால் அதே ஹவல்ஸ் தடுமாறிய இடமும் உண்டு. சார்லஸ் செஸ்நட் என்னும் கறுப்பின எழுத்தாளரின் கதைகளை 1900இல் ‘அட்லாண்டிக்’ இதழில் உயர்த்திப் பேசிய அவர், மறு ஆண்டு செஸ்நட்டின் ‘தி மேரோ ஆஃப் டிரடிஷன்’ நாவல் வந்தபோது, அதன் ஆற்றலை ஒப்புக்கொண்டபடியே, அதில் கசப்பு மிகுந்துவிட்டது என முகஞ்சுளித்தார். உண்மையை எழுதுக என்று வாழ்நாள் முழுதும் முழங்கியவருக்கு இந்த உண்மை தொண்டையில் இறங்கவில்லை. நாவல் விற்கவில்லை. எழுத்தையே தொழிலாகக் கொள்ள வேண்டுமென்று தம் சுருக்கெழுத்து அலுவலகத்தை மூடியிருந்த செஸ்நட் மீண்டும் அத்தொழிலுக்கே திரும்பினார்.

அப்படி என்ன எழுதிவிட்டார்? 1898 நவம்பர் 10ஆம் நாள் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் ஆயுதமேந்திய வெள்ளையர் கறுப்பரின் பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தி, கறுப்பின மக்கள் பலரைக் கொன்று, முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைத் துப்பாக்கி முனையில் கலைத்தனர். அன்றைய ஏடுகள் இதற்கு ‘இனக் கலவரம்’ என்று பெயரிட்டன. புயல், வெள்ளம் என்பது போல. செஸ்நட் தம் நாவலில் அந்நகருக்கு வெலிங்டன் என்று வேறு பெயரிட்டு, புயல் எவ்வாறு தயாரிக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறார். ஒரு பத்திரிகை அலுவலகத்தில் மூவர் கூடுகின்றனர்: பத்திரிகையாசிரியர் கார்ட்டரெட், ஜெனரல் பெல்மாண்ட், கேப்டன் மெக்பேன். கறுப்பரின் ஏட்டில் வந்த ஒரு தலையங்கம் வெள்ளையரைச் சினமூட்டும் என்று கண்டு, அதனை உடனே வெளியிடாமல் பெட்டியில் பூட்டி வைக்கின்றனர். மாதங்கள் கழித்து, தேர்தல் நெருங்கும் வேளை பார்த்து மறுபதிப்புச் செய்கின்றனர். ஊர் பற்றி எரிகிறது. தீ தம் கணக்கை மீறிப் பரவியதும் கார்ட்டரெட் என்ன சொல்கிறார்? இதற்குப் பின் நேர்ந்த கொடுமைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்று கைகழுவுகிறார். ஷெல்கிரிமின் குரல்தான்.

இயற்பண்புவாதத்தின் இரு தூண்களில் ஒன்று பரம்பரை என்று மாணவர் எழுதுகிறார் அல்லவா? அந்தப் பத்தாண்டுகளில் பரம்பரை, இரத்தம் என்னும் சொற்கள் தெற்கு மாநிலங்களில் யார் கையில் இருந்தன? கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்தோரும், கும்பலாய்க் கூடி மனிதரைத் தூக்கிலிட்டோரும் அச்சொற்களையே அறிவியலென்று நீட்டினர். ஐடா வெல்ஸ் அம்மையார் 1895இல் வெளியிட்ட ‘எ ரெட் ரெகார்ட்’ நூலில், வெள்ளையரின் ஏடான ‘சிகாகோ டிரிப்யூன்’ தொகுத்த கணக்குகளையே எடுத்தாண்டு அப்பொய்யை உடைத்தார். யதார்த்தவாதம் என்று ஒன்று இருக்குமாயின் அதுவன்றோ அதன் உச்சம்! ஆனால் அந்நூலை நாவல் அல்லவென்று தள்ளிவைத்துவிட்டு, நாரிஸின் ‘மெக்டீக்’ நாவலில் செர்கோ என்னும் யூத வணிகரைப் பேராசையே உருவான பிறவியாக வரைந்திருப்பதைப் ‘பரம்பரைக் கோட்பாட்டின் இலக்கிய வடிவம்’ என்று மாணவர் எழுத, நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இனப்பகை கோட்பாட்டின் பெயரால் மரியாதை பெற்றுவிடுகிறது. பால் லாரன்ஸ் டன்பரின் ‘தி ஸ்போர்ட் ஆஃப் தி காட்ஸ்’ 1902இல் வந்தது. செய்யாத திருட்டுக்குச் சிறை சென்ற கறுப்பினத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் நியூயார்க்கில் சிதைவதைச் சொல்வது. சூத்திரம் கேட்கும் இலக்கணமனைத்தும் பொருந்தியும் அந்நூல் நெடுங்காலம் பாடத்திட்டத்தின் வாயிலுக்கு வெளியிலேயே நின்றது. கென்னத் வாரன் 1993இல் யதார்த்தவாதத்தையும் இனத்தையும் இணைத்து ஒரு நூல் எழுதிய பின்னரும், பல இடங்களில் செஸ்நட்டும் டன்பரும் ‘கறுப்பின இலக்கியம்’ என்னும் தனித் தாளுக்கு அனுப்பப்படுகின்றனர். வகுப்பிலும் தனிப் பெட்டி.

பெயர்களும் பிரிவுகளும் இல்லாமல் எவ்வாறு பாடம் நடத்துவது என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்பர். பெயர்கள் இருக்கட்டும், நூலகத்துக்கு அலமாரி வேண்டும், அலமாரிக்குச் சீட்டு வேண்டும். ஆனால் சீட்டைப் படித்தவருக்குப் பட்டம் வழங்கக் கூடாது. ஒரு பருவத்தில் பதினைந்து நாவல்களை ஓட்டமாய் ஓடிக் கடப்பதை விடுத்து நான்கினை எடுத்து, சொல் சொல்லாக, எந்தச் சொல் எவர் வாயினின்று எவ்வேளையில் வருகிறதென்று கற்கட்டும். ஹேமார்க்கெட் விசாரணை, மசல் ஸ்லூ வழக்கு, வில்மிங்டன் ஏடுகள் ஆகியவற்றை நாவல்களோடு சேர்த்து மேசைமேல் வைக்கட்டும்.

வினாத்தாளில் கேட்க ஒரு கேள்வியையும் நாமே தருகிறோம். செஸ்நட்டின் நாவலில் டாக்டர் மில்லர் என்னும் கறுப்பின மருத்துவர், தம் வெள்ளை ஆசானோடு இரயிலில் தெற்கு நோக்கி வருகிறார். வர்ஜீனியா எல்லைக்குள் நுழைந்ததும், வெள்ளையர் பெட்டியில் கறுப்பர் இருக்கச் சட்டம் இடம் தரவில்லை என்று நடத்துநர் அவரை எழுப்பிக் கறுப்பர் பெட்டிக்கு அனுப்புகிறார். தம் விருப்பமன்று, சட்டம் என்கிறார். சிறிது நேரத்தில் கேப்டன் மெக்பேன் சுருட்டுப் பிடிக்க அதே கறுப்பர் பெட்டிக்குள் வந்து அமர்கிறார். இங்கு வெள்ளையர் இருக்கலாமா என்று மில்லர் நடத்துநரைக் கேட்கிறார். கூடாது, சட்டம் இருசாராருக்கும் ஒன்றே என்கிறார் நடத்துநர். மெக்பேனிடம் சென்று சொல்லியும் பார்க்கிறார். மெக்பேன் எழவில்லை. நடத்துநர் திரும்பிப் போய்விடுகிறார்; மெக்பேன் தம் சுருட்டை நிதானமாகப் புகைத்து முடிக்கிறார். இப்பெட்டியில் நியதி எது, மனிதரின் செயல் எது என்று பிரித்தெழுதுக.